வலப்பக்கக் கண்ணாடி

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் வழியில், ஒவ்வொரு வேகத்தடையிலும் நஞ்சப்பனின் காரில் வலப்பக்கக் கண்ணாடி தலை கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கையை வெளியே நீட்டி நிமிர்த்தினார். நிமிர்த்தும்போதெல்லாம் தம்பியைத் திட்டினார்.

"ஆறுக்குட்டி செஞ்ச வேலைங்கம்மா இது."

பக்கத்து இருக்கையில் மரகதம்மாள் இருந்தார். நஞ்சப்பனைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனால் அவரிடம் தியானம் கற்கப் போய் உட்கார்ந்த நாளிலிருந்து நஞ்சப்பனுக்கு அவர் அம்மாதான். அவருக்கு நஞ்சப்பன் அண்ணன்.

கார், நஞ்சப்பனின் அப்பா வாங்கிய பழைய ஃபியட். தூசி படிந்தால்கூட நஞ்சப்பனுக்குச் சோறு இறங்காது. ஆனி மாதம் தம்பி மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்காக இரவல் கொடுத்தார். மண்டப வாசல் தூணில் உரசி, கண்ணாடி ஆட்டம் கண்டு திரும்பி வந்தது. "சின்ன ஆட்டந்தான், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் ஆறுக்குட்டி. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இப்போது தை பிறந்துவிட்டது.

"எத்தன நாளைக்கும்மா பொறுத்துப் போறது? நீங்களே சொல்லுங்க. ஒரு எட்டு வந்து சரி பண்ணிக் குடுக்க மாட்டானா?"

அடுத்த வேகத்தடை வந்தது. கண்ணாடி கவிழ்ந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

ஒரு கையால் அதை நிமிர்த்திக்கொண்டே, முன்னால் தேங்காய் மட்டை லோடு ஏற்றிப் போன டிராக்டரைத் தாண்ட ஸ்டியரிங்கை ஒடித்தார் நஞ்சப்பன். பக்கத்தில் ஓர் அலறல். பின்னாலிருந்து மொபெட்டில் வந்த பெண் ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கி, காலை ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த குழந்தை வீறிட்டது.

நஞ்சப்பன் காரை ஓரங்கட்டினார்.

"கண்ணாடி வெச்சிருக்கறது அழகுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

நஞ்சப்பன் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினார். "எல்லாம் அவனாலதானுங்க! உசுரு போயிருந்தா அவந்தான் பொறுப்பு!"

"ஸ்பானர் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார் மரகதம்மாள்.

"இருக்குதுங்க."

"நட்டு?"

"டேஷ்போர்டுல புதுசே இருக்குதுங்க, வாசரோட. கல்யாணம் முடிஞ்ச வாரமே வாங்கிட்டேன்."

"அப்புறம்?"

"நான் எதுக்குங்க போடோணும்? ஆட வெச்சவன் அவன். அவனே வந்து போடட்டும்."

மரகதம்மாள் இறங்கினார். காரைச் சுற்றி வந்து, தொங்கிய கண்ணாடியை நிமிர்த்தி, கையால் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"என்னங்கம்மா பண்றீங்க?"

"உங்க தம்பி வர்ற வரைக்கும் பிடிச்சுக்கறேன். நீங்க ஓட்டுங்க."

"கார் போறப்ப எப்படிங்க பிடிப்பீங்க?"

"மெதுவா ஓட்டுங்க. நடந்தே வர்றேன்."

நஞ்சப்பன் சிரிக்கப் பார்த்தார். மரகதம்மாள் சிரிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் கியரைப் போட்டார். கார் ஊர்ந்தது. கண்ணாடியைப் பிடித்தபடி, சேலை ரோட்டில் புரள, மரகதம்மாள் கூடவே நடந்தார். பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. இளநீர்க் கடைக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"போதுங்கம்மா! போதுங்க!"

நஞ்சப்பன் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். ஸ்பானரை எடுத்து, மரை தேய்ந்த நட்டைக் கழற்றி எறிந்து, புதியதை மாட்டி முறுக்கினார். ஒரு இளநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஆனால் முகத்தில் கடுப்பு அப்படியே இருந்தது.

"போட்டாச்சுங்க. நாளைக்கே அவன் வந்து நின்னான்னா, அவன் செய்யறதுக்கு இனி என்னங்க மிச்சம் இருக்குது?"

மரகதம்மாள் காரில் ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பிய ஏறி உக்காரச் சொல்லுங்ணா."