பனி காயுமுன்னே

மலையடிவாரக் குடிலில் ஒச்சம்மாவுக்கு ஒரே சீடர். செவந்தியப்பன், ஓய்வுபெற்ற வாத்தியார். குருவைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும், அந்த அம்மாள் முன்னால் அவருக்குக் கைகட்டித்தான் பழக்கம். ஒச்சம்மா யாத்திரை போயிருந்த இரண்டு மாதமும் ஆட்டு மந்தை அவர் பொறுப்பு.

குரு திரும்பி வந்த மறுநாள் விடிகாலை, வாத்தியார் ஒரு சினையாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அலறியடித்து ஓடிவந்தார். அதன் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தொங்கியது. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"தாயி, கால் ஊன மாட்டேங்குது! புண்ணாக்கும் கொள்ளும் என் கையாலதான் வச்சேன். ஒரு பொட்டு மிச்சம் வைக்காது. அம்புட்டும் எங்க போச்சு?"

ஒச்சம்மா ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"வயித்துல புழு. ரத்தத்தைக் குடிக்குது."

"இது தின்னதெல்லாம் புழுவுக்கா?"

"தின்னது பத்தல, வாத்தியாரே. போன ரத்தம் ஊறணும், அரிச்ச குடல் ஆறணும். சத்துக்கு எங்க போகும்? சொந்தத் தொடைக்கறியைக் கரைச்சு எடுக்குது. இவ தன்னையே தின்னுக்கிட்டிருக்கா."

வாத்தியார் ஆட்டின் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இந்த வீக்கம்? சதை போடுதுன்னு சந்தோஷப்பட்டேனே!"

"சத்து வத்தின ரத்தத்துல தண்ணி நிக்காது. கசிஞ்சு தொங்குது."

ஒச்சம்மா மருந்தைக் கரைத்து ஆட்டின் கடைவாயில் ஊற்றினார். அது இருமி, விழுங்கியது.

"பிழைச்சுக்குமா?"

"பாப்போம்."

அந்தச் சொல்லைக் கேட்டு வாத்தியாருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"புழு எப்படித் தாயி உள்ள போச்சு?"

"எங்கிட்டு மேய்ச்சீங்க?"

"கண்மாய்க்கரையில. வெயில் ஏறினா புல்லு வாடிருமேன்னு தினமும் பனி காயுமுன்னே ஓட்டிட்டுப் போயிருவேன். அம்புட்டும் இளம்புல்லு!"

"அந்த ஈரத்துலதான் புழுக்குஞ்சு புல்லு நுனிக்கு ஏறி நிக்கும்."



"அப்ப, ஊட்டினது நானா? ஐயோ, பாவி நானா?"

அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஒச்சம்மா கிழக்கே பார்த்தார். வெயில் இன்னும் மலையைத் தாண்டவில்லை.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், வாத்தியாரே. மத்த நாப்பது ஆட்டையும் இப்ப எங்க விட்டுட்டு வந்தீங்க?"