முகராத மாலை

மருதங்குறிச்சி பேக்கரியில் மாவு பிசைவதே ஆவுடையப்பனாரின் தொழில். விடியுமுன் மைதா மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார். தூசி எழும், தும்மல் தொடங்கிவிடும். மூக்கும் கண்ணும் ஒழுக, வாயால் மூச்சுவிட்டபடியே பிசைவார். மாலையில் குளித்து நீறணிந்து, மனைவி கோமதி பறித்து வைத்த பூக்களைத் தொடுத்து மருதீசர் கோவிலுக்குக் கொண்டு செல்வார். இறைவனுக்குரிய மணத்தைத் தாம் முகரலாகாது என்று, தொடுக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்வார்.

"மாவுதான் உமக்கு ஆகல. இந்த வேலையை விட்டாத்தான் குணமாகும்" என்றார் மருத்துவர்.

"வேற தொழில் தெரியாதே ஐயா" என்று திரும்பிவிட்டார் அடியார். நாளடைவில் மணம் அறியும் புலனும் போயிற்று.

ஒரு பிரதோஷத்தன்று தீபாராதனையின்போது தும்மல் வெடித்துவிட்டது. தர்மகர்த்தா சீறினார்.

"என்னவே, சாமி முன்னாலயா தும்முதீரு? இனிமே வாசலத் தாண்டி வரப்படாது. உம்ம பூவும் வேண்டாம்!"

நின்றவர்கள் சிரித்தார்கள். அடியார் வெளியேறினார். மறுநாள் முதல் கோபுரத்துக்கு வெளியே நின்று தொழுது, மாலையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதை மாடு தின்றது. ஆனாலும் தொடுப்பதை நிறுத்தவில்லை.

அந்த ஐப்பசியில் கோமதி காய்ச்சலில் இறந்துபோனார். தலையில் மல்லிகை சூட்டிக் கிடத்தியிருந்தார்கள். அடியார் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை.

"உன் வாசனைகூட எனக்கு இல்லாமப் போச்சே, கோமதி" என்று கதறினார்.

காரியங்கள் முடிந்தபின் தாமே பூப்பறித்துத் தொடுத்து, மீண்டும் வாசலில் போய் நின்றார்.

அன்று மாலைப் பூசைக்குமுன் சற்றே கண்ணயர்ந்த குருக்களின் கனவில் மருதீசர் தோன்றினார். "மலரை நமக்குத் தந்து, அதன் மணத்தையும் நமக்கே விட்டவன் வெளியே நிற்கிறான். அவன் மாலை எங்கே?"

குருக்கள் பதறி வாசலுக்கு ஓடிவந்து அடியாரின் கையைப் பற்றினார். "உள்ளே வாரும். சுவாமி கேக்கறார்."

"தும்மல் வந்துருமே, சாமி!"

"வரட்டும்."

செய்தி அறிந்த தர்மகர்த்தா தலைகுனிந்து வழிவிட்டார். மாலை இறைவன் திருமேனியில் ஏறியது. கற்பூரம் காட்டும்போது தும்மலும் வந்தது. அடியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நூறாயுசு" என்றார் குருக்கள், கண்கலங்க.

நூறாண்டு அவர் வாழவில்லை. மாவு மார்புக்குள்ளும் இறங்கியிருந்தது. தை பிறந்ததும், மூச்சுத் திணறலில், இறைவனடி சேர்ந்தார். மூச்சுக்கு வருந்தியபோதும் தொண்டுக்கு வருந்தாத ஆவுடையப்பனாரின் திருவடிகளைத் தலைமேல் கொள்வோம்.