கூண்டுக்குப் போன புழு

“எவனோ என் ஈக்கூண்டுல கை வெச்சுட்டானுங்கம்மா. நாசமாப் போறவன்!”

செருப்பை உதறியபடியே கத்திக்கொண்டு வந்தார் ராக்கியண்ணன். கோழித் தீவனத்துக்குப் புழு வளர்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சகாயராணி. மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதான்.

அழுகிய தக்காளியைப் புழுத்தட்டில் பரப்பிக்கொண்டிருந்த சகாயராணி நிமிரவில்லை.

“என்னாச்சுங்கண்ணா?”

“ஈ முட்டையே வைக்கலீங்க. முட்டை இல்லாமப் புழு ஏது? நாட்டுக்கோழி அத்தனையும் வாயைப் பொளந்துட்டு நிக்குது. தீவனக் கடைக்காரன்கிட்ட, ‘உன்ற சோயாப் புண்ணாக்கை நீயே தின்னுடா’ன்னு சொல்லிட்டு வந்தவன் நானு. மறுபடி அவன் மூஞ்சில முழிக்கறதா?”

“யாரு மேல சந்தேகம்?”

“பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்தடிச்சிருப்பான். இல்லாட்டி வேலைக்கு வர்றவன் வலையைத் திறந்து விட்டிருப்பான்.”

“கோழிக்கு எதைப் போட்டீங்க?”

“கொழுத்ததாப் பொறுக்கித்தானுங்க போட்டேன். நம்ம கோழிக ராசாவாட்டம் திங்கும்.”

“ஈயாகறதுக்குக் கூண்டுல விட்டது?”

“சல்லடையில கீழ விழுந்த பொடிசுதான். இந்த ரகம் ஈயானா, வீட்டு ஈயாட்டம் ஒண்ணும் திங்காது. நாலு நாள் பறந்துட்டுச் சாகப்போகுது. அதுக்கெதுக்குங்க நல்லது? அதை விடுங்க. விதைக்குக் கொஞ்சம் புழு கொடுங்க. இந்தத் தடவை பேரமே பேச மாட்டேன்.”

சகாயராணி சல்லடையை எடுத்தார். சலித்தார். மேலே நின்றதையெல்லாம் தன் கோழிகளுக்கு வீசினார். கீழே உதிர்ந்ததை டப்பாவில் அள்ளி நீட்டினார்.

ராக்கியண்ணன் மூடியைத் திறந்தார். சந்தையில் அடிபட்டு வளர்ந்தவர்; பார்த்ததுமே ரகம் தெரிந்துவிடும். உள்ளே நூல் நூலாக நெளிந்தது.

“என்னை என்ன ஏமாளின்னு நினைச்சீங்களா? கோழிக்கு நல்லது, எனக்கு இந்தக் கழிசலா? இதுல ஈ வந்து, அது முட்டை வெச்சு…”

மூடியை மெதுவாகப் போட்டு, டப்பாவைத் திருப்பி நீட்டினார்.

சகாயராணி அந்த டப்பாவை வாங்கிக்கொண்டார். வேறொரு தட்டிலிருந்து, கறுத்து முற்றிய பெரும்புழுக்களை அள்ளி அவர் கையில் கொடுத்தார்.

“இது நல்ல விதைங்கண்ணா. ஆனா புழு பெருகற வரைக்கும் கோழிக பட்டினி கிடக்கக் கூடாது பாருங்க. கூண்டைக் கெடுத்த அந்த ஆளை இன்னிக்கே தீவனக் கடைக்குப் போகச் சொல்லுங்க. அவருதான் சரிபண்ணணும்.”