உச்சிமாகாளியின் தங்கப்பல்

புன்னைத்துறைக் கடற்கரையில் எதையாவது தொலைத்தவர்கள் முதலில் அழுவார்கள். பிறகு ஜெயசீலி டீச்சருக்கு ஆள் அனுப்புவார்கள்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி வாங்கி வந்த மெட்டல் டிடெக்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் வற்றிக் கிடக்கும் நேரத்தில், அதைப் பிடித்தபடி ஈர மணலில் நடப்பார். மோதிரம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொலுசு, வண்டிச் சாவி, ஒருமுறை பஸ் கண்டக்டரின் விசில். கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவரிடம் சீடராகச் சேர வந்தவர் திரவியம் அண்ணாச்சி. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையை மருமகன் கையில் விட்ட பிறகு அவருக்குப் பகல் நீண்டுபோனது. சென்னையிலிருந்து புத்தம் புது மெஷின் ஒன்றை வரவழைத்தார். அட்டைப்பெட்டியோடு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், இதை எனக்குச் சொல்லித் தரணும்.”

“என்னத்தைத் தொலைச்சீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணும் தொலைக்கலை.”

“பிறகு எதைத் தேட?”

திரவியம் கொஞ்சம் யோசித்தார். “டச்சுக்காரன் காலத்துக் காசு மணல்ல கிடைக்கும்னு சொல்லுதாங்களே.”

“கிடைச்சா தாசில்தார் ஆபீசுல ஒப்படைக்கணும்.”

“ஒப்படைச்சா?”

“நன்றின்னு சொல்லுவாங்க.”

திரவியத்தின் முகம் சுருங்கியது. ஆனால் பெட்டியைத் திரும்பத் தூக்கவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை வாங்க. செருப்பு வேண்டாம். தொப்பி வேணும்.”

முதல் நாள் மெஷின் பீப் என்று கூப்பிட்டதும் திரவியம் முழங்காலிட்டு மணலை வாரினார். சோடா பாட்டில் மூடி. அதைத் தூக்கி எறிந்தார். டீச்சர் நடந்துபோய் எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த பையில் போட்டுக்கொண்டார்.

“குப்பைதான டீச்சர்?”

“இங்கயே போட்டா நாளைக்கும் இதேதான் கூப்பிடும்.”

திரவியம் எழுந்தார். தோண்டிய குழி வாய் பிளந்து கிடந்தது.

“மூடுங்க அண்ணாச்சி.”

“அலை வந்து மூடிரும்லா?”

திரவியம் மெஷினை ஆட்டிக்கொண்டே பின்னால் ஒரு அடி வைத்தார். கால் குழிக்குள் போனது. தொப்பி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம், அவர் நடுவில். உட்கார்ந்தபடியே சிரித்தார். சிரித்துக்கொண்டே மணலைத் தள்ளி மூடினார்.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் திரவியம் கேட்டார்.

“டீச்சர், பித்தளையா வெண்கலமான்னு சுண்டிப் பாத்தே சொல்லிருவேன். அப்படியே ஆயுசு போச்சு. தங்கம் எப்படிக் கூப்பிடும்? அதை மட்டும் சொல்லிருங்க.”

“கடலைப் பாத்துத் திரும்பி நில்லுங்க.”

அவர் திரும்பி நின்றார். டீச்சர் தன் மோதிரத்தைக் கழற்றினார். பையிலிருந்து மாத்திரை அட்டைத் தகடு ஒன்றை எடுத்துச் சுருட்டினார். இரண்டையும் இரண்டு இடத்தில் புதைத்தார்.

“இப்ப வாங்க. எது தங்கம்?”

திரவியம் இங்கே கேட்டார். அங்கே கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். வியாபாரியின் உறுதியோடு இடது பக்கம் கைகாட்டினார். தோண்டினார். தகடு.

“இன்னொரு தரம்.”

இரண்டாம் தரம் மோதிரம். துள்ளினார். மூன்றாம் தரம் தகடு.

“ஒரே மாதிரில்லா கூப்பிடுது!”

“ஆமா.”

“அப்போ எப்படித்தான் தெரிஞ்சுக்கிட?”

டீச்சர் சல்லடை வைத்த மண்வாரியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

திரவியத்துக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் மனைவி வேறு, “கடையில பாத்திரம் வித்தீங்க, இப்ப மூடி பொறுக்குதீங்க” என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு மெஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். குப்பைக்குக் கூப்பிடாமல் செய்ய ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினார். டீச்சரிடம் சொல்லவில்லை.

மறுவாரம் கடற்கரை கழுவி விட்டதுபோல இருந்தது. மெஷின் வாயே திறக்கவில்லை. குனிய வேண்டாம். தோண்ட வேண்டாம். மூட வேண்டாம். திரவியம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

காணும் பொங்கல் வந்தது.

உள்ளூர், வெளியூர் என்று கடற்கரை கொள்ளாத கூட்டம். தூரத்தில் பெண்கள் கபடிப் போட்டி. அங்கே நடுவர் ஜெயசீலி டீச்சர். இந்தப் பக்கம் ஒரு பெரிய புன்னை மரத்தடியில் உச்சிமாகாளியின் குடும்பம் பாய் விரித்திருந்தது. வருசா வருசம் அவர்களுக்கு அந்த மரம்தான்.

உச்சிமாகாளி லாரி ஓட்டுகிறவர். சொந்தக்காரர்கள் எல்லோரையும் அதே லாரியில் ஏற்றி வந்திருந்தார். முன்வரிசையில் ஒரு தங்கப்பல். சொந்த லாரி வாங்கின சந்தோஷத்தில் கட்டியது. அவர் சிரித்தால் பல் முதலில் தெரியும், சத்தம் அடுத்த தெருவில் கேட்கும். அன்று கரும்பைக் கடித்துத் துப்பினார். மச்சான்களோடு மணலில் புரண்டு கபடி ஆடினார். கடலில் விழுந்து எழுந்தார். ஈரத்தோடு வந்து பாயில் உட்கார்ந்தார்.

மனைவி பேச்சித்தாய் சோற்றுச் சட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“என்னங்க... வாயில வெளக்கைக் காணோம்?”

உச்சிமாகாளி நாக்கால் தடவிப் பார்த்தார். தங்கப்பல் இருந்த இடம் வழுக்கியது.

எங்கே விழுந்தது? மணலிலா, கடலிலா, யாருக்குத் தெரியும்? குடும்பமே குனிந்து தேடியது. ஆயிரம் பேர் மிதித்த மணல். உச்சிமாகாளி துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “சம்பந்தகாரங்க முன்னால ஓட்டை வாயோட எப்படி நிப்பேன்? நான் சிரிக்கவே மாட்டேன்.”

“அழக் கூடாது நீங்க” என்றார் பேச்சித்தாய். சொன்னவரின் குரல்தான் உடைந்தது.

அந்த வழியாகத் திரவியம் மெஷினோடு வந்தார். யாராவது தன்னைக் கூப்பிட மாட்டார்களா என்று அவர் காத்திருந்த நாள் அது. விஷயத்தைக் கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“கவலைப்படாதிய. நம்மகிட்ட மெஷின் இருக்கு.”

மரத்தடி, கபடி ஆடிய இடம், அலை தொடும் ஓரம் என்று எல்லா இடத்திலும் மெஷினை ஆட்டினார். குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தது. மெஷின் கூப்பிடவில்லை.

“இல்லை” என்றார் திரவியம். “சுத்தமா இல்லை. கடல்தான் கொண்டுபோயிருக்கு.”

பேச்சித்தாய் சோற்றுச் சட்டியை மூடினார். மச்சான் ஒருவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார். மணப்பெண் மட்டும் அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கபடி முடிந்து டீச்சர் வந்தார். கழுத்தில் விசில், முழங்கால் வரை மணல். என்ன என்று கேட்டார். சொன்னார்கள்.

“இல்லைன்னு யாரு சொன்னா?”

“மெஷின் சொல்லுச்சு டீச்சர்” என்றார் திரவியம்.

“மெஷின்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

தகடும் மோதிரமும் ஒரே மாதிரி கூப்பிட்டது நினைவுக்கு வந்து திரவியத்தின் காது சிவந்தது. கடலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு பட்டனை அழுத்தி, பழையபடி மாற்றினார்.

மெஷின் ஊளையிடத் தொடங்கியது. மரத்தடி முழுக்கக் கூப்பிட்டது. பாய்க்கு அடியில், அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில், உச்சிமாகாளி உட்கார்ந்திருந்த இடத்தில்.

திரவியம் மெஷினை டீச்சரிடம் நீட்டினார். “நீங்களே பாருங்க. எனக்குத் தகுதி இல்லை.”

டீச்சர் வாங்கவில்லை. “எனக்குக் காலு வலிக்கு அண்ணாச்சி. நீங்க தோண்டுங்க. நான் விசில் ஊதுதேன்.”

முதல் குழியில் பாட்டில் மூடி வந்தது. டீச்சர் விசில் ஊதினார். யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இரண்டாவது குழியில் கொண்டை ஊசி. விசில். பிறகு குடைக்கம்பி, ஒரு ரூபாய்க் காசு, பாதி நகவெட்டி. ஒவ்வொன்றுக்கும் விசில். பாயைச் சுருட்டியவர் மறுபடி விரித்தார். பக்கத்துக் குடும்பங்கள் கரும்பும் கையுமாக வந்து சுற்றி நின்றன. மச்சான்கள் டீ வடிகட்டியும் முறுக்குச் சல்லடையும் கொண்டுவந்து மணலைச் சலித்தார்கள். மணப்பெண் தோண்டிய குழிகளை மூடிக்கொண்டே வந்தாள். பாட்டில் மூடி வந்தால் ஒரு கூச்சல், காசு வந்தால் இரண்டு கூச்சல்.

ஒரு இடத்தில் மெஷின் பலமாகக் கத்தியது. திரவியம் ஆழமாகத் தோண்டினார். நீளமாக ஒன்று வந்தது. எவர்சில்வர் கரண்டி. பாத்திரக்கடைக்காரரின் கை தானாகக் காம்பைத் துடைத்து வெட்டியிருந்த பெயரைத் தேடியது.

“உ. பேச்சித்தாய்” என்று வாசித்தார்.

“ஏ! என் கரண்டி!” பேச்சித்தாய் பாய்ந்து வந்து பிடுங்கினார். “போன பொங்கலுக்கு இங்க வச்சுத் தொலைச்சது! மதினிதான் எடுத்துச் சொருகிட்டாள்னு ஒரு வருசமா நெனச்சிட்டு இருந்தேன்!”

“ஒரு வருசமா என்கூட மூஞ்சி குடுத்துப் பேசாதது இதுக்குத்தானாக்கும்?” என்றார் பக்கத்தில் நின்ற மதினி.

“இல்லைன்னா வேற எதுக்கு?”

“எம்மா, அதைக் கொண்டா. இப்ப உன்னை அதாலயே சாத்துதேன்!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நாத்தனாரும் மதினியும் ஒரு கரண்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டு, இழுக்கவும் முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். திரவியத்தின் முதுகுக்குப் பின்னால் இடி இறங்கியதுபோல ஒரு சிரிப்பு எழுந்தது. புன்னை மரத்துக் காக்கைகள் பறந்தன.

திரவியம் தலை நிமிரவில்லை. அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்திருந்தார்.

அங்கே கரும்புச் சக்கை மிதிபட்டுக் குவிந்து கிடந்தது. மெஷின் மெல்ல ஒருமுறை கூப்பிட்டது.

“அது சக்கை அண்ணாச்சி. எச்சி. விடுங்க” என்றார் மச்சான் ஒருவர்.

திரவியம் விடவில்லை. முழங்காலிட்டார். சக்கையை மண்வாரியில் அள்ளிச் சலித்தார். மணல் இறங்கியது. சக்கை மட்டும் நின்றது. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்றிருந்தது. அடுத்ததும் மெத்தென்றிருந்தது. அதற்கடுத்தது கடினமாக இருந்தது.

பிரித்தார். நாருக்குள் சிக்கி, சாயங்கால வெயிலில் அது மினுங்கியது.

கையை உயர்த்தினார்.

டீச்சரின் விசில் நிற்கவே இல்லை. யார் யாரோ திரவியத்தைத் தூக்கினார்கள். அவர் தொப்பி கை மாறிக் கை மாறி எங்கோ போனது. உச்சிமாகாளி திரவியத்தின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பேச்சித்தாய் பல்லைக் கடல் தண்ணீரில் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டார். டவுனில் பல் டாக்டர் இருக்கிறார், விழுந்த பல்லை ஒட்டவைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றார்கள் மச்சான்கள்.

“வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்திரணும்” என்றார் உச்சிமாகாளி. “வரலைன்னா, லாரியைக் கொண்டுவந்து தூக்கிட்டுப் போயிருவேன்.”

பொழுது சாயும் நேரத்தில் லாரி கிளம்பியது. ஹாரன் சத்தம் செம்மணல் தேரிக்காடு வரை கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ கரண்டியைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனார்கள்.

டீச்சரும் திரவியமும் மட்டும் நின்றார்கள். மூடாமல் விட்ட குழிகள் இன்னும் சில இருந்தன. ஆளுக்கொரு பக்கமாக மூடினார்கள்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“அந்தப் பல்லு மட்டும் கிடைக்காமப் போயிருந்தா... பாவம், நல்ல மனுசன். இனிமே சிரிச்சிருப்பாரா?”

டீச்சர் கடைசிக் குழியைக் காலால் மிதித்துச் சமப்படுத்தினார்.

“கரண்டி வந்ததும் உங்க முதுகுக்குப் பின்னால ஒருத்தர் துண்டைத் தூக்கி எறிஞ்சிட்டுச் சிரிச்சாரே அண்ணாச்சி, அது யாருன்னு நெனச்சீங்க?”