தேதியை மாற்றிய வக்கீல்

கோடையில் அந்த அடுக்குமாடியில் வீட்டுக்குத் தினம் பத்துக் குடம் தண்ணீர்தான். செல்போனில் பதிந்தால் குழாய் தானே திறந்து, அளந்து மூடிக்கொள்ளும். போனில் தேதியை மாற்றினால் இன்னொரு பத்துக் குடம் வருவதை வக்கீல் வேதமூர்த்தி கண்டுபிடித்துவிட்டார். அவர் தொட்டி நிரம்பி வழிந்தது. பொதுத் தொட்டி வற்றிப்போய், மூன்றாம் மாடிக் கைக்குழந்தைக்காரி காலிக் குடத்தோடு நின்றாள்.

படி துடைக்கும் பேச்சி நேரே போய்க் கேட்டாள். "அடுத்தவங்க பங்கை எடுக்கலாமா சார்?"

"நான் குழாயை உடைச்சேனா? அதுவா திறந்துச்சு. சாஃப்ட்வேர்ல ஓட்டை வச்சவன்தான் பொறுப்பு. இது திருட்டுன்னு நிரூபி, தண்ணியைத் திருப்பித் தர்றேன்."

"சரிங்க சார்."

மறுநாள் வக்கீல் வாக்கிங் முடித்து வந்தால், பேச்சி அவர் வீட்டுக்குள்ளிருந்து நிறைகுடத்தோடு வெளியே வருகிறாள்!

"திருடி! திருடி!" என்று அவர் போட்ட கூச்சலில் எல்லா மாடியும் கூடிவிட்டது.

"நான் எதையும் உடைக்கல சார். உங்க நம்பர் பூட்டு, ஈரத்துணி பட்டதும் அதுவா திறந்துச்சு. ஓட்டை வச்சவன்தானே பொறுப்பு?"

"பூட்டு திறந்தா என்ன? அடுத்தவன் பொருள்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்களுக்கும் தெரியும்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது."

குடத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"மூணாவது மாடி, இடது பக்கம்."