ஓட்டுக்குள் ஒளிந்த யோகி

கோடையில் அல்லிக்குளம் வற்றிச் சேறாகிக்கொண்டிருந்தது. மீன்கள் செத்தன, நாரைகள் பறந்துபோயின. மிஞ்சியவை அடங்கன் என்ற ஆமையும் செவந்தி என்ற தவளையும்தான்.

அடங்கனுக்கு அந்தக் காட்டில் யோகி என்று பெயர். ஓர் இலை அசைந்தால் போதும், தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். "ஐம்புலனையும் அடக்கின சாமி" என்று முயல்கள்கூடக் கும்பிட்டன. அடங்கனும் அதை நம்பிவிட்டது. பயத்துக்குத் தவம் என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"அண்ணே, ஆத்துக்குப் போயிடலாம். என்னால அவ்வளவு தூரம் தத்த முடியாது, முதுகுல ஏத்திக்குங்க" என்றது செவந்தி.

விடிந்ததும் கிளம்பின. வெயில் ஏறுமுன் போய்ச் சேரும் தூரம்தான்.

பொட்டலில் ஒரு நிழல் ஓடியது. "பருந்து! உள்ளே போ!" என்று அடங்கனுக்குள் ஒரு குரல் அலறியது. அடங்கன் சட்டென்று ஓட்டுக்குள் போய்விட்டது.

"மேகந்தாண்ணே. நடங்க."

"தவத்தில் இருக்கிறேன். பேசாதே."

ஒவ்வொரு மேகத்துக்கும் இதே கதை. வெயில் உச்சிக்கு வந்தது.

"அண்ணே, தோலெல்லாம் எரியுது."

அடங்கனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. "வாயை மூடு, தொலைந்து போ" என்று உள்ளிருந்த குரலைத் திட்டியது. திட்டத் திட்ட அது உரக்கக் கத்தியது. கால்கள் வெளியே வர மறுத்தன.

முதுகில் இப்போது பேச்சில்லை. பதறிப்போன அடங்கன் முதன்முறையாக அந்தக் குரலிடம் தணிந்து கேட்டது: "யாரப்பா நீ?"

"நம்ம கூடப் பிறந்த அண்ணனைப் பருந்து தூக்கிட்டுப் போனப்போ உள்ளே ஒளிஞ்சோமே, அந்தச் சின்ன ஆமை நான். உன்னையும் தூக்கிடும்னுதான் கத்துறேன்."

இத்தனை காலமும் அடங்கன் இந்தக் குரலைத்தான் 'நான்' என்று நினைத்திருந்தது! "பாவம், தனியா காவல் காத்திருக்கே. இனி நான் பாத்துக்கறேன். நீ என் கூடவே இரு."

குரல் விசும்பி ஓய்ந்தது. பயம் போய்விடவில்லை, ஆனால் கால்கள் வெளியே வந்தன. நிழல்கள் மேலே ஓட ஓட அடங்கன் நடந்தது.

ஆற்றில் இறங்கியதும், "செவந்தி, தண்ணி வந்துடுச்சும்மா" என்றது.

காய்ந்து சுருங்கிய சிறு உடல் ஒன்று முதுகைவிட்டு நழுவி, நீரோடு போயிற்று.

பயத்தைத் தவமென்று போற்றுகிறவரும் பகையென்று விரட்டுகிறவரும் அதன் அழுகையைக் காலத்தில் கேட்பதில்லை. அதற்கான விலையை அவர்களை நம்பி வந்தவர்கள் கொடுக்கிறார்கள்.