எலுமிச்சம்பழத்தைத் தாண்டிய சக்கரம்

திருப்பூர்ப் பக்கம் ஒரு கடையில் இரண்டு வருஷமாக விலை போகாத சைக்கிள் ஒன்று இருந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி வீலிங் அடிப்பதற்கென்றே செய்த வண்டி. வருகிறவர்கள் டயரை அமுக்கிப் பார்ப்பார்கள். “கேரியர் இல்லாம மூட்டையை எங்க கட்டறது?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அந்த வண்டியின் பின் பிரேக்கை மட்டும் ஒருவரும் தொட்டதில்லை. பாவம், அதற்கு அது தீராத குறை.

“உன்னை யார் தொடுவாங்க?” என்று முன் சக்கரம் சீண்டும். “நான் மேலே ஏறப் பிறந்தவன். நீ அடுத்தவன் ஓட்டத்தைக் கெடுக்கப் பிறந்தவன்.”

பிரேக்குக்குச் சுருக்கென்றது. சக்கரம் சொல்வது உண்மைதானோ என்று நினைத்தது.

இந்த வாரமும் போகாவிட்டால் வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவது என்று கடைக்காரர் நாச்சிமுத்து முடிவு செய்திருந்தார். அப்போதுதான் சுகந்தி வந்தாள். பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். முழங்கையில் கட்டு. வீலிங் பழகும்போது மல்லாந்து விழுந்திருந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளையே தொடக்கூடாது என்று அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

“முன்னாடி பஞ்சாட்டத் தூக்குமுங்க அம்மிணி” என்றார் நாச்சிமுத்து.

“என் பழைய சைக்கிளும்தான் தூக்குச்சுங்கண்ணா. இறக்கத்தான் அதுக்குத் தெரியல.”

சொல்லிக்கொண்டே பின் பிரேக்கைப் பிடித்தாள். பிரேக் தன் உயிரையெல்லாம் கூட்டிப் பின் சக்கரத்தைப் பற்றியது. “இதையே குடுங்க” என்றாள் சுகந்தி. பிரேக்குக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

கடை வழக்கப்படி முன் சக்கரத்துக்குச் சந்தனம், குங்குமம். அதன் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். “மரியாதை யாருக்குன்னு பார்த்தியா?” என்றது சக்கரம்.

சுகந்திக்கு ஆசை அடங்கவில்லை. வண்டியைப் பின்னால் நகர்த்தி, ஏறி மிதித்து, ஹேண்டில்பாரை இழுத்தாள். முன் சக்கரம் பழத்தைத் தொடாமலே தாண்டி மேலே போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. அவள் முதுகு தரையை நோக்கிச் சாய்ந்தது. சக்கரத்துக்கு வானத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதற்குப் பயமாகிவிட்டது.

“தம்பி,” என்றது முதல் தடவையாக. “பிடிச்சுக்கோ.”

இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பொத்தென்று விழும். பிடிக்காவிட்டால் அவள் மல்லாந்துவிடுவாள். சுகந்தியின் ஒரு விரல் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு மட்டும் பிரேக் பிடித்தது. முன் சக்கரம், தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோலத் தரையில் இறங்கியது.

நாச்சிமுத்து முகம் சுருங்க ஓடிவந்தார். “பழம் பின் சக்கரத்துலல்ல நசுங்கியிருக்குது? சகுனம் சரியில்லைங்க. வேற பழம் வெச்சுரலாம்.”

“வேண்டாங்கண்ணா. அந்தக் குங்குமத்தை மட்டும் இப்படிக் குடுங்க.”

அவள் பின்பக்கம் போய்க் குனிந்து, பிரேக்குக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

அதன் பிறகு எத்தனையோ தடவை முன் சக்கரம் மேலே ஏறியது. ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் மெதுவாகக் கேட்கும்: “தம்பி, இருக்கியா?”